சேர்ப்பதும் விடுவதும்: வன்னியிலிருந்து ஸ்கைரிம் மொட்களைப் பார்த்தல்

ஸ்கைரிம் என்ற கணினி ஆட்டம் வெளியான 2011 நவம்பர் 11ஆம் திகதி, போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் இன்னும் மூடப்படவில்லை. அதற்கு 2012 செப்ரெம்பர் ஆக வேண்டியிருந்தது. ஊர் திரும்பியவர்கள்கூடத் தறப்பாளுக்குக் கீழும் தகரக் கொட்டிலிலும் இருந்த காலம் அது. வன்னிப் பிள்ளைகளிடம் இந்த மாய உலக ஆட்டம் பிந்தித்தான் வந்தது. பிந்தி வந்ததால் ஆட்டமும், அதை மாற்றியமைக்கும் மொட் போடும் பழக்கமும் சேர்ந்தே கைக்குக் கிடைத்தன. திருத்தப்படாத ஸ்கைரிம் எப்படி இருந்தது என்பதே தெரியாமல் ஆடத் தொடங்கிய தலைமுறை இது. ஆகவே அந்தப் பழக்கத்தின் நன்மை தீமையை நாம் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நன்மை. ஸ்கைரிமை ஆக்கிய பெதெஸ்டா நிறுவனம் 2002இல் மோரோவிண்ட் என்ற முந்தைய ஆட்டத்தோடு அதை மாற்றும் கருவியையும் கொடுத்தது. ஸ்கைரிமுக்கான கருவி 2012 பெப்ரவரியில் இலவசமாக வந்தது. நிறுவனம் சரிசெய்யாமல் விட்ட ஆயிரக்கணக்கான பிழைகளை ஆடுபவர்களே கூடித் திருத்தினார்கள். கைப்பிடிக் கருவிக்கென அமைத்த பட்டியல்களை விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் ஏற்றபடி மாற்றியது ஸ்கைUI என்ற மொட். சிலர் அதற்கும் அப்பால் போனார்கள். ஜெர்மனியின் ஷுவர்ஏஐ குழு 2016இல் இதே அடித்தளத்தின்மேல் எண்டரால் என்ற வேறோர் உலகத்தையே கட்டியது. 2015இல் மொட்டாக வந்த ‘த ஃபொர்கொட்டன் சிட்டி’ அடுத்த ஆண்டு அவுஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்று, 2021இல் தனி ஆட்டமாக வெளிவந்தது. வாங்கியவரைப் படைப்பவராக மாற்றும் வழி இத்தனை அகலமாக வேறு பொழுதுபோக்குகளில் திறந்திருப்பது அரிது.

இரண்டாவது நன்மை, வசதி குறைந்தவருக்கும் இது உதவுவது. ஒரு மதிலின் மேற்பரப்புப் படம் பக்கத்துக்கு 4096 புள்ளி கொண்டதென்றால், 1024 புள்ளிப் படத்தைவிட அது பதினாறு மடங்கு இடம் பிடிக்கும். பழைய லப்டொப்பில் ஆடுபவர் படங்களைச் சிறிதாக்கும் மொட்களையும், நிழலையும் புல்லையும் குறைக்கும் மொட்களையும் தேர்ந்து ஆட்டத்தை ஓடவைக்கலாம். ஒருமுறை ஒழுங்காக நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஆடலாம்.

மூன்றாவது நன்மை அறிவு சார்ந்தது. அதை ஓர் உதாரணத்தில் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு மொட் ஊர்ப்பெண் ஒருத்தியின் முகத்தை அழகாக்குகிறது. இன்னொன்று அவளுக்குப் புது உடை கொடுக்கிறது. இரண்டையும் போட்டு ஆட்டத்தைத் திறந்தால், கழுத்துக்குச் சம்பந்தமில்லாமல் முகம் மட்டும் கறுத்துக் கிடக்கிறது. இரண்டு மொட்டிலும் தனித்தனியே பிழை இல்லை. உடையை மட்டும் மாற்றிய மொட்டும் அந்தப் பாத்திரத்தின் முழுப் பதிவையும் சுமந்து வருகிறது. அதற்குள் பழைய முகத்தின் விவரமும் இருக்கிறது. கடைசியாக ஏறும் பதிவே செல்லும் என்பது ஆட்டத்தின் விதி. முகமோ முன்கூட்டியே செய்துவைத்த தனிக் கோப்புகளாக முதல் மொட்டிலிருந்து வருகிறது. பதிவும் கோப்பும் ஒத்துப்போகாததால் நிறம் கெடுகிறது. எக்ஸ்எடிட் கருவியில் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இதன் முகத்தையும் அதன் உடையையும் எடுத்து ஒரு சிறு இணைப்பு மொட் செய்தால் பிரச்சினை தீரும். விடிய விடிய நீளும் கோவலன் கூத்தைச் சுருக்கும் அண்ணாவியாருக்கும் இதே பொறுப்புத்தான்: வெட்டும் பாட்டில் அடுத்த வரவு தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் வெட்டினால் ஆட்டக்காரர் களரியில் திகைத்து நிற்பார். ஒரு பகுதியைத் தொட்டால் வேறெது அசையும் என்று யோசிக்கும் பழக்கம், கணினித் துறைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு நல்ல பயிற்சி.

குறைகளும் இந்தப் பழக்கத்தின் உள்ளேயே இருக்கின்றன. முதற்குறை, சேர்த்துக் குவிப்பது. ஸ்கைரிமின் சிறப்புப் பதிப்பு 254 முழு மொட் கோப்புகளுக்குமேல் ஏற்காது. இலகுக் கோப்பு என்ற வகை வந்தபின் அவற்றில் 4096 வரை சேர்க்கலாம். எல்லை விரிந்ததும் தேவையா என்ற கேள்வி மறைந்தது. ஆடுவதற்கென வைத்த நேரம் தேடுவதிலும் நிறுவுவதிலும் போகிறது. கதையின் பாதியில் ஒரு மொட்டைக் கழற்றுவதும் ஆபத்து. அதன் நிரல் துண்டுகள் சேமித்த கோப்புக்குள் தங்கிப் பின்னொரு நாள் ஆட்டத்தைக் குழப்பும்.

இரண்டாவது குறை, நூற்றுக்கணக்கான மொட்களை வேறொருவர் தெரிந்து கட்டிவைத்த ஆயத்தப் பொதிகளை அப்படியே எடுப்பது. நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் முகம் கறுத்தால் ஏன் கறுத்தது என்று தெரியாது. மேலே சொன்ன அறிவு நன்மை முழுவதும் இழப்பாகிறது. மொட்களைப் பகிரும் நெக்சஸ் தளத்தில் சந்தா கட்டாதவர் பொதியிலுள்ள ஒவ்வொரு மொட்டையும் தனித்தனியே அழுத்தித்தான் இறக்க வேண்டும். சந்தா வெளிநாட்டு நாணயத்தில். 2022இல் ரூபாய் சரிந்தபின் அது இங்கே எளிய செலவல்ல. அதனால் ஒருவர் இறக்கியதை மற்றவர் ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொள்கிறார். டேட்டா மிச்சம்தான், ஆனால் எந்தப் பதிப்புக்கு உரியது, வேறெது முன்னதாகத் தேவை, எதற்குப் பின் ஏற்ற வேண்டும் என்ற குறிப்புகள் கூட வருவதில்லை. ஆக்கியவர் பெயரும் வழியிலேயே கழன்றுவிடுகிறது.

அந்தப் பெயர் முக்கியம். மொட் உலகம் கூலியில்லா உழைப்பில் நிற்கிறது. 2015 ஏப்ரலில் ஸ்டீம் தளம் மொட்களை விலைக்கு விற்க முயன்றபோது, ஆக்கியவருக்குக் கிடைக்கவிருந்தது 25 வீதம் மட்டுமே. எதிர்ப்பு எழுந்து நான்கு நாளில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் பங்கின் அநீதிக்கு எதிரான குரலோடு, இலவசமாகவே தர வேண்டும் என்ற உரிமை கோரலும் கலந்திருந்தது. முன்னதை நான் ஏற்கிறேன், பின்னதை ஏற்கவில்லை. நிறுவனத்தின் கையும் எப்போதும் மேலேதான் இருக்கிறது. 2021 நவம்பர் 11இல் வந்த பதிப்புப் புதுப்பித்தல், அடித்தளக் கருவியான எஸ்கேஎஸ்ஈயையும் அதை நம்பிய மொட்களையும் ஒரே நாளில் செயலிழக்கச் செய்தது.

எனக்கு மிகப் பெரிதாகப் படும் கேள்வி வேறொன்று. ஸ்கைரிமின் கதைக்குள் ஓர் உள்நாட்டுப் போர் நடக்கிறது. ஒரு பக்கம் சேர்ந்து கோட்டைகளைப் பிடித்தால் அது முடிந்துபோகிறது. வின்ட்ஹெல்ம் நகரத்தின் சாம்பல் குடியிருப்பில் நாடிழந்து வந்த இருள் எல்ஃப் இனத்தவர்கள் ஒடுக்கப்பட்டு வாழ்கிறார்கள்; அவர்களைச் சுற்றி ஆட்டம் தருவது சில உரையாடல்களும் சிறு பணிகளும்தான். இந்தப் போரை இன்னும் பெரிதாக்கும் மொட்கள் இருக்கின்றன. தொடக்கத்திலேயே எரிந்தழியும் ஹெல்கன் ஊரை மறுபடி கட்டியெழுப்பும் ‘ஹெல்கன் ரீபோர்ன்’ மொட்டும் இருக்கிறது. எதை எடுப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்லித்தராது. அழிந்த ஊருக்குத் திரும்பி வந்து கிணறு இறைத்து, கூரை போட்டுத் தொடங்கிய வன்னியில், இந்த இரண்டும் ஒரே நிறையல்ல. போர் மொட்டைப் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது போரை எப்படிக் காட்டுகிறது, பொதுமக்கள் அதில் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தேர்வதே நேர்மை.

என் முடிவு இது: மொட் போடுவதன் பெறுமதி தேர்வில் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று ஆடுபவரால் ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாததை விட்டுவிடலாம். குறைந்த டேட்டாவும் பழைய கணினியும் நம்மை இந்த ஒழுங்குக்குத் தள்ளுகின்றன என்றாலும், அந்தப் பற்றாக்குறையைப் புகழ நான் தயாரில்லை. வசதி வரட்டும்; ஒழுங்கும் இருக்கட்டும்.

தேர்வோடு நின்றுவிடவும் கூடாது. ஸ்கைரிமின் அதிகாரபூர்வ மொழிகளில் தமிழ் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே படிக்கும் பிள்ளைகள் சிறிதாகத் தொடங்கலாம்: உடைந்த குளக்கட்டை ஊர் கூடித் திருத்தும் ஒரு பணி, இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் காணியைத் தேடித் திரும்பும் ஒரு கதை. கருவி இலவசம். கதைக்கு இங்கே பஞ்சமில்லை. பிறர் செய்ததைத் தேர்ந்து பழகிய கண்ணுக்கு, தான் செய்வதில் எது தேவை, எது மிகை என்பதும் தெரியும்.