உலகம் ஓரூரென்னுங் கொள்கையும் சைவசித்தாந்தமும்

சேலத்தில் 1900 முதல் வழக்கறிஞராயிருந்து, 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய இராஜாஜி, உரோமச் சக்கரவர்த்தி மார்க்க அரேலியரின் சிந்தனைகளை ‘ஆத்ம சிந்தனை’ என்னும் பெயரால் தமிழாக்கித் தந்தனர். நூல் பயில்வார்க்கு மனத்திட்பந் தருவதே. ஆயின் அச்சக்கரவர்த்தியின் கொள்கையொன்று ஆராய்தற்குரியது.

அறிவு மாந்தரெல்லார்க்கும் பொது. ஆகவே அறிவு விதிக்கும் நீதியும் பொது. நீதி பொதுவாகவே யாவரும் ஓராட்சிக் குடிகள். உலகம் ஒரு நகரம் என்பது அவர் கருத்து. கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட அவர், தானியூபு நதிக்கரைப் பாசறைகளிலிருந்தும் எழுதினார். உலகநகரின் குடிகளென்று தாம் கொண்டாரோடே பொருதார். அவர் பேரரசில் அடிமை முறையும் ஒழிந்திலது. இஃது அவர்தங் குறையேயன்றிக் கொள்கையின் குறையன்று என்பாருமுளர். அற்றன்று. அறிவே குடியுரிமைக்கு ஏதுவாயின், அறிவு விளங்காத மகவும் பித்தரும் ஊர்க்குப் புறம்பாவர். இயற்கையிலேயே அடிமையாவார் உண்டென அரிஸ்டாட்டில் வாதித்ததும் அறிவுக்குறை காட்டியன்றோ? மார்க்க அரேலியர் சார்ந்த ஸ்டோயிக்கர் அவ்வாதத்தை ஏற்றிலர். எனினும் அளவுகோலை மாற்றினாரல்லர்.

மேலும், உயிர் இறையின் ஒரு கூறு என்பது அவர் மதம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் நிறுவியதோ, உயிர்கள் பல, ஒவ்வொன்றும் வேறு, அனைத்தும் ஒரு பதியின் உடைமை என்பது. விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என்னும் பகுப்பு மலம்பற்றியதேயன்றிப் பிறப்புப்பற்றியதன்று. மும்மலமுடைய சகலரே மாந்தர் யாவரும். மன்னரும் உழவரும் மட்டுமோ, தேவருஞ் சகலரே. ஆணவம் தன்னறிவை மறைக்க நிற்பானொருவன், பிறனது அறிவை அளந்து அவனைப் புறத்தே நிறுத்துதல் யாங்ஙனம்? உடைமையெனின் உரிமை யாதென வினவுவார்க்கு, சிவனுடைமையாகிய உயிரைப் பிறனொருவன் உடையனாதல் இயலாதென்பதே விடை.

சீகாழிப் பிள்ளையார் கொங்குநாடு போந்து, திருச்செங்கோட்டில் அடியார் குளிர்சுரத்தால் வருந்தியபோது திருநீலகண்டப் பதிகம் பாடியருளினர். நோய் உடன்வந்தாரை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டகன்றதென்பர் சேக்கிழார். அறிவுடையார் இவர், இல்லார் இவர் என்னும் ஆராய்ச்சி ஆண்டு எழவில்லை.

இத்துணை உறுதியான அடிப்படையுடையார், பிறப்பு நோக்கித் தங் கோயில் வாயிலை அடைத்தற்குச் சித்தாந்தத்தில் இடம் யாண்டுளது? சென்னை மாகாணத்தில் வாயில் திறக்க இசைந்தாரைக் காத்து 1939-ல் ஆலயப்பிரவேசச் சட்டஞ் செய்தது, அந்நூலைத் தமிழாக்கியவர் தலைமையேற்ற அமைச்சரவை. மடங்களல்ல, சைவ சபைகளுமல்ல. சட்டம் வருந்துணையும் காத்திருந்ததற்குக் காரணங் கூறுதல் அவற்றின் கடன்.