ஆற்றுக்குத் தைத்த சட்டை

உலகப் படத்தில் காம்பியாவைக் கண்டுபிடிக்க எனக்கு மூக்குக்கண்ணாடி போதவில்லை, பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. செனகலின் வயிற்றுக்குள் அட்லாண்டிக் பக்கமிருந்து ஒரு மண்புழு நுழைந்து, பாதி வழியில் படுத்துவிட்ட மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடுதான் நாடு. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சின்ன நாடு கிடையாது. தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வீட்டில் என்னோடு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. எதை எடுத்தாலும் காம்பியாவில் கொண்டுபோய் முடிக்கிறேனாம். முடிக்காமல் என்ன செய்வது?

கினியாவின் மலைகளில் பிறந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிவருகிறது காம்பியா ஆறு. 1889-இல் பிரிட்டனும் பிரான்சும் உட்கார்ந்து, ஆற்றின் இரண்டு கரையிலும் சுமார் பத்துப் பத்து கிலோமீட்டர் ஆங்கிலேயருக்கு, மிச்சமெல்லாம் பிரெஞ்சுக்காரருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆற்றுக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைத்த மாதிரி. உள்ளே இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே மாண்டிங்கா, வோலோஃப், ஃபுலா சொந்தபந்தம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஆங்கிலத்தில் பள்ளிக்கூடம் போகிறது, அந்தப் பக்கம் பிரெஞ்சில். 1965 பிப்ரவரி 18-இல் விடுதலை வந்தது. சட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

தலைநகர் பான்ஜுல் ஒரு காலை நடைக்குள் முடிந்துவிடும். ஊர் என்றால் செரக்குண்டாதான். அங்கே சந்தையில்தான் எனக்கு முதல் பாடம். அரைத்த வேர்க்கடலை விழுதை ஒரு அம்மா வாளியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். "எவ்வளவு?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. கூட வந்த ஓட்டுநர் என் காதில், "பாஸ்மேன், முதலில் நலம் விசாரியுங்கள்" என்றார். விசாரித்தேன். 'நங்கா டெஃப்?' எப்படி இருக்கிறீர்கள்? அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. 'மாங்கி ஃபி ரெக்.' இங்கேதான் இருக்கிறேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் என் வீடு, அம்மா, பிள்ளைகள், பிரயாணம், வெயில் எல்லாம் ஒரு சுற்று. பிறகுதான் விலை. அவசரத்தில் பிறந்த எனக்கு முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து, நலம் கேட்காமல் தண்ணீர் பாட்டில் வாங்கினால்கூட எதையோ திருடிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

கிரீன்விச் நேரம்தான் அங்கே கடிகாரம். ஜி.எம்.டி. என்றால் 'காம்பியா மே பி டைம்' என்று அவர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். பத்து மணிக்குக் கிளம்பும் என்ற வேன், அவர்கள் பாஷையில் கெலே-கெலே, கடைசி இருக்கை நிறைகிற வரை கிளம்பாது. நான் ஏறிய வண்டிக்குக் கடைசியாக வந்த பயணி ஓர் ஆடு. அதுவும் கூரையில். டிக்கெட் உண்டு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பெனச்சின் என்றால் வோலோஃப் மொழியில் 'ஒரே பானை' என்று பொருள். மீன், தக்காளி, கத்தரிக்காய், மிளகாய், அரிசி எல்லாம் ஒரே பானையில் வெந்து, அடியில் லேசாகக் காந்தல் பிடித்திருக்கும். அந்தக் காந்தலுக்குப் போட்டி. தோமோடா என்பது கடலை விழுதில் கொதித்த கெட்டிக் குழம்பு. நாட்டின் முக்கியப் பணப்பயிரே வேர்க்கடலைதான், குழம்பில் அது தெரியும். காலையில் தபலாப்பா ரொட்டி, மத்தியானம் புளிச்சைப் பூவைக் கொதிக்கவைத்து ஆறவைத்த சிவப்பு வோன்ஜோ. ஒரு வாரத்தில் என் பெல்ட் ஒரு துளை நகர்ந்தது.

ஓட்டுநரின் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டேன். பெரிய தட்டு ஒன்றைத் தரையில் வைத்து ஏழு பேர் சுற்றி உட்கார்ந்தோம். வலது கை. அவரவர் முன்னால் இருக்கிற சோறுதான் அவரவர் எல்லை, நடுவில் இருக்கும் மீனை வீட்டுப் பெரியவர் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளுவார். அந்த வீட்டில் பெரியவர் அவருடைய அம்மா. எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். தட்டைச் சுற்றி ஒரு மௌனம். எனக்கு உடனே உறைத்தது. 2022-இல் அந்த நாட்டில் சுமார் எழுபது குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த இருமல் மருந்துகளைச் சந்தேகித்து உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. நான் என்ன சொல்வது? சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த அம்மா மீனின் நடுத்துண்டை, முள் பார்த்து எடுத்து, என் பக்கம் தள்ளினார்.

ஆற்றில் படகேறி ஜுஃபுரே போனேன். அலெக்ஸ் ஹேலி 1976-இல் எழுதிய 'ரூட்ஸ்' நாவலின் குண்டா கிண்டே பிறந்ததாகச் சொல்லப்படும் ஊர். ஹேலி சொன்ன வம்சக் கதையை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனால் எதிரே ஆற்று நடுவில் இருக்கும் கோட்டைத் தீவு கதை இல்லை. ஆப்பிரிக்கர்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய இடங்களில் ஒன்று. முன்பு ஜேம்ஸ் தீவு, 2011 முதல் குண்டா கிண்டே தீவு. 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அலை அரித்து அரித்துத் தீவு சுருங்கிவிட்டது. இடிந்த சுவர்களுக்கு இடையில் இலையுதிர்ந்த பாவோபாப்கள். ராமநாதபுரத்திலும் மன்னாரிலும் பெருக்கமரம் என்கிறோமே, அதே மரம். அங்கே அதைப் பார்த்ததும், வெளியூர்க் கல்யாணத்தில் நம் தெருக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் போய்ப் பட்டையைத் தொட்டேன். படகில் வந்த யாரும் திரும்பும்போது பேசவில்லை.

பக்காவு ஊரில் காச்சிக்காலி குளத்து முதலையின் முதுகையும் தொட்டேன். அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்வேன், என் கை நடுங்கிய படம் ஓட்டுநரிடம் இருக்கிறது. தான்ஜி கடற்கரையை மட்டும் விடமுடியாது. சாயங்காலம் வண்ணம் பூசிய மரப்படகுகள் கரைக்கு வரும். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தலையில் மீன் பேசினோடு ஏறி வருவார்கள். பின்னால் வரிசையாகப் புகைக்கொட்டகைகள், உள்ளே போங்கா மீன் கருவாட்டு நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். அந்த வாசனை என் சட்டையில் இரண்டு சலவை தாங்கியது. இந்தக் கரையோரம் முளைத்த மீன்மாவு ஆலைகள் சோற்றுக்குப் போகவேண்டிய மீனை அரைத்து ஏற்றுமதி செய்கின்றன என்று அங்கே வயிறெரிகிறார்கள். நியாயமான எரிச்சல்.

கோரா கேட்டிருக்கிறீர்களா? பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, 21 தந்தி. மீட்டுவது இரண்டு கட்டைவிரலும் இரண்டு ஆள்காட்டி விரலும் மட்டும். தந்தியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். நைலான் தூண்டில் நரம்பு! தலைமுறை தலைமுறையாக 'ஜாலி' எனப்படும் பாணர் குடும்பங்கள் வாசிப்பது, அப்பாவிடமிருந்து மகனுக்கு. அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்ணாக அதைக் கையிலெடுத்தவர் சோனா ஜோபார்த்தே. நான் கேட்டது ஒரு முற்றத்தில், பெயர் பெறாத ஒரு கிழவரிடம். நாலு விரலில் மழை பெய்தது.

ஆனால் எனக்கு இந்த நாட்டின்மேல் காதல் வந்த இடம் வேறு. தெருமுனை மாமரத்தடி, கரி அடுப்பு, அத்தாயா. சீனத்துப் பச்சைத் தேயிலையைக் குட்டிப் பானையில் கொதிக்கவைத்து, இரண்டு சின்னக் கண்ணாடிக் கிளாசுகளில் மாற்றி மாற்றி ஆற்றி நுரை கட்டுவார்கள். நம் டீ மாஸ்டர் மாதிரிதான், கிளாஸ் மட்டும் சுட்டுவிரல் உயரம். அதே இலையில் மூன்று சுற்று. முதல் சுற்று நாக்கைச் சுருட்டும், போகப்போகச் சர்க்கரை ஏறும். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம். நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை.

அங்கே ஒரு இளைஞன்தான் ஓட்டுப்போடும் விதத்தை நடித்துக் காட்டினான். வாக்குச்சீட்டு கிடையாது. கையில் ஒரு கோலிக்குண்டு தருவார்கள். வேட்பாளருக்கு ஒரு நிறத்தில் ஒரு பீப்பாய், அதில் அவர் படம். உங்கள் ஆளின் பீப்பாய்க் குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். இரண்டு தரம் அடித்தால் திருட்டு ஓட்டு. மணியோசை குழம்பக்கூடாதென்று வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிளுக்குத் தடை! எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 1960-களில் வந்த ஏற்பாடு. குழிவைத்த தட்டில் கோலிகளை அடுக்கி எண்ணுவார்கள். 2016 டிசம்பரில் இந்தக் கோலிகள்தான் 22 ஆண்டு ஆண்ட யாஹ்யா ஜாமேவைத் தோற்கடித்தன. முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டார், பிறகு மாட்டேன் என்றார். ஜெயித்த அடாமா பாரோ, ஒரு காலத்தில் லண்டன் கடையொன்றில் காவலாளியாக இருந்தவர், பக்கத்து நாடான செனகலின் டக்காரில், காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். அண்டை நாட்டுப் படைகள் எல்லை தாண்டிய பிறகுதான் ஜாமே விமானம் ஏறினார்.

"அன்றைக்கு என் அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்" என்றான் அந்த இளைஞன். சோடா மூடி ஒன்றை எடுத்துத் தேநீர்த் தட்டில் போட்டான். 'டிங்.' உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் இரண்டாவது சுற்று வந்தது.

கிளம்பும்போது அவனே தேயிலைப் பொட்டலம் ஒன்றையும் இரண்டு கிளாசையும் கையில் திணித்தான். வீட்டில் தினமும் சாயங்காலம் முயற்சி செய்கிறேன். கசப்பு வருகிறது, இனிப்பு வருகிறது. நுரை மட்டும் வரமாட்டேன் என்கிறது. மேசைவிரிப்பெல்லாம் கறை. முதல் கிளாசைக் குடித்துவிட்டு மனைவி எழப் பார்த்தாள். உட்கார், இன்னும் இரண்டு பாக்கி என்றேன்.