ரீசார்ஜ் யார் போடுகிறார்கள்?

சென்ற ஆண்டு ஒரு புத்தகக் காட்சி மேடையில், இளையோருக்காக எழுதும் ஒருவர் தன் நாவலைப் பற்றிப் பேசினார். "இதில் வரும் பையன்கள் நம் வீட்டுப் பையன்கள் மாதிரியே பேசுவார்கள்" என்பதுதான் அவர் பெருமை. அதற்காக அக்கா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து நாற்பது சொற்களுக்குப் பட்டியல் எடுத்தாராம். ப்ரோ, கெத்து, வைப், க்ரிஞ்ச், தரமான சம்பவம். கூட்டம் கைதட்டியது. சீருடையோடு அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்த பிள்ளைகள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கையில் அவரிடம் கேட்டேன்: "உங்க ஹீரோ எந்நேரமும் இன்ஸ்டாவிலயே கிடக்கானே, அவனுக்கு ரீசார்ஜ் யாரு சார் போடுறாங்க?" சிரித்தார். "அதெல்லாம் கதைக்கு எதுக்குங்க" என்றார்.

எனக்கோ கதையே அங்கேதான் இருக்கிறது.

இளையோர் நாவல் இப்போது பருவத்தில் இருக்கிறது. அதில் நல்லதும் நிறைய. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது) பெரியவர்கள் வாய் திறக்கத் தயங்கிய பாலியல் சீண்டலைப் பிள்ளைகளிடம் நேராகவே பேசியது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023இல் அதே விருது பெற்றது) கீழடியை விளையாட்டாகக் கையில் எடுத்துக் கொடுத்தது. ஓங்கில் கூட்டம் என்ற பெயரில் பதின்பருவத்தாருக்கென்றே சிறு நூல்கள் வருகின்றன. "அம்மா, நான் பள்ளிக்குச் சென்று வருகிறேன்" என்று பதினைந்து வயதுப் பையன் விடைபெறும் வசனங்கள் ஒழிந்ததும் நிம்மதிதான். ஆனாலும் அந்த விருதுத் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மரப்பாச்சி, பொம்மை, 2025இல் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வின் சிறகு. பத்து வயதுக்கு எல்லாம் பொருத்தம். பதினாறு வயதுக்கு? அந்த வயதை நம் பதிப்புலகம் கொஞ்சம் உயரமான குழந்தையாகவே பார்க்கிறது. கையிலிருந்த பொம்மையை வாங்கிக்கொண்டு போனைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சொல் பழசாகிவிடும் என்பது எல்லோரும் சொல்லும் குறை. அதை நானும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 'மொக்கை'யும் 'கலாய்ப்ப'தும் ஒரு காலத்தில் கல்லூரி வாசலில் புழங்கிய சொற்கள், இன்று அவற்றை அப்பாக்கள் பேசுகிறார்கள். என் மனத்தாங்கல் வேறு. நாற்பது சொல்லும் நாளை வரை பழுதாகாமல் இருந்தாலும் அந்தப் பையனை நான் நம்பமாட்டேன். அவன் எந்த வேலையும் செய்வதில்லை. அவனிடம் காசு என்று ஒன்று இல்லை, காசு இல்லாத குறையும் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக்கருவேலம். அதை வெட்டி அடுக்கி, மேலே இலைதழை போர்த்தி, மண் பூசி, உள்ளே தீயைப் போட்டுக் காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புழுங்கவிட்டால் கரி. இதற்கு மூட்டம் போடுவது என்று பெயர். தூர்க்கட்டையில் எடுக்கிற கரிக்கு மவுசு கூட. திருச்சுழி பேருந்து நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போது, பக்கத்தில் பதினாறு வயது இருக்கும் ஒரு பையன். பிளஸ் ஒன். குளித்துப் பவுடர் போட்டிருந்தான், ஆனால் நகக்கண்ணிலும் காது மடிப்பிலும் கரி அப்படியே இருந்தது. போனின் பின்பக்கம் விரலை வைத்து வைத்து எடுத்தான். திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தான்.

"என்னப்பா, திறக்க மாட்டேங்குதா?"

"மூட்டம் பிரிக்கப் போனா ரெண்டு மூணு நாளைக்கு ரேகை எடுக்காதுண்ணே."

"அப்ப எப்படித் திறப்ப?"

"பேட்டர்ன் இருக்கு. அது தங்கச்சிக்குத் தெரியும். அதான் கடுப்பு."

நாற்பது சொல் பட்டியலில் இருப்பது இதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்த ஆண்டின் பையன் இவன். இருபது ஆண்டுக்கு முன் இந்தப் பேச்சு நடந்திருக்காது. கரி தின்ற விரலும், அந்த விரலை அடையாளம் தெரியாத கருவியும், தங்கச்சி கண்ணில் படக் கூடாத ஏதோ ஒன்றும் சேர்ந்து ஒரு விடலையை உண்டாக்கிவிட்டன. போனுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டான். நாவலாசிரியர் கேட்க வேண்டியது அது. அக்கா மகனிடம் கேட்டால் தெரியாது.

ரீசார்ஜ் மாதத்துக்கு 28 நாள். அந்தக் கணக்கு தெரியாத பதினாறு வயது இந்தக் கரட்டுக்காட்டில் இல்லை. ஒன்றரை ஜிபி ராத்திரி பன்னிரண்டுக்குப் புதிதாகும் என்பதும், அதுவரை யாருடைய ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதும், அப்படி ஒட்டிக்கொண்டதற்கு என்ன ஈடு செய்ய வேண்டும் என்பதும் நட்பின் கணக்கு. சிநேகிதம் எப்படி உண்டாகிறது, எப்படி முறிகிறது என்று எழுத நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய சுரங்கம் ஏது? நம் இளையோர் நாவல்களிலோ போன் தானாகவே சார்ஜ் ஏறிக்கொள்கிறது, வலைத்தொடர்பு வானத்திலிருந்து பொழிகிறது. வறண்டு கிடக்கும் குண்டாற்றில் தண்ணீர் ஓடினாலும் ஓடும், இந்தப் பையன்களின் டேட்டா மட்டும் வற்றவே வற்றாது.

கதை தொடங்குவதும் எப்போதும் கோடை விடுமுறையில். பட்டணத்துப் பிள்ளைகள் தாத்தா வீட்டுக்கு வருகிறார்கள், கிராமத்துப் பையன் ஒருவன் அவர்களுக்குக் கிணறு காட்டுகிறான். அந்தக் கிராமத்துப் பையனுக்குக் கோடை விடுமுறை என்றால் என்ன என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறார்களா? அருப்புக்கோட்டையில் தறி வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்ற உட்காரும். மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு விரியும் முன் பறித்தாக வேண்டும், அதனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்றாலும் விடியுமுன் எழுந்தாக வேண்டும். ஊர் முக்கில் மில் வண்டி ஏறும் அக்காக்களில் நேற்றுவரை கூடப் படித்தவள் ஒருத்தி இருப்பாள். முகூர்த்த நாளென்றால் பையன்கள் கேட்டரிங்குக்குப் போய், கையுறை மாட்டிப் பந்தியில் சாம்பார் ஊற்றிவிட்டு, அந்தக் காசில் தலைக்குச் செம்பட்டைச் சாயம் அடித்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை அந்தத் தலையோடு பள்ளிக்குப் போய் வாத்தியாரிடம் வாங்குகிறார்கள். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமே பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒத்துக்கொள்கிறது. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது நம் நாவலாசிரியர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் விலக்குகளைத் தேடினால் அவை இளையோர் அலமாரியில் கிடைப்பதில்லை. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அய்யாவோடு கரிசல் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறான். பசித்தால் எதைப் பறிக்கலாம், எங்கே தண்ணீர் ஊறும், அடுப்பு எப்படிக் கூட்ட வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். நாவலை நம்பவைப்பது கொலை அல்ல, அந்தக் கை. நாற்பது ஆண்டுகள் கடந்தும், பக்கத்தில் ஒரு போன் இல்லாமலும், அவன் இன்றைய பையன். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளும் அப்படித்தான். இவற்றை யாரும் இளையோர் நாவல் என்று சொல்வதில்லை, அட்டையில் வண்ணப்படம் இல்லாததால் இருக்கலாம். மாரி செல்வராஜ் 2024இல் 'வாழை' படத்தில் காய் சுமக்கப் பிடிக்காத பையனையும், டீச்சர் மேல் அவனுக்கிருந்த மயக்கத்தையும் ஒரே உடம்பில் வைத்தார். சினிமா செய்துவிட்டது. அமெரிக்காவில் எஸ். இ. ஹிண்டன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கி 1967இல் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' இன்றும் வகுப்பறைகளில் படிக்கப்படுகிறதே, அதில்கூட அப்பா அம்மா இல்லாத வீட்டைத் தாங்குவது கூரை வேய்ந்து சம்பாதிக்கும் மூத்த அண்ணன். தம்பிக்கு அவன் மேல் இருக்கும் கோபமெல்லாம் அந்தச் சுமை கொண்டுவந்த கண்டிப்பிலிருந்துதான் கிளம்புகிறது.

மொழிதான் முக்கியம் என்றே வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மாணவிகளை ஒரு பேராசிரியை தவறான வழிக்கு அழைத்த தொலைபேசிப் பதிவு 2018 ஏப்ரலில் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. வழக்கு நடந்து, 2024 ஏப்ரலில் திருவில்லிபுத்தூரில் தண்டனையும் ஆனது. அந்தப் பதிவில் என் மனத்தில் தங்கியது அந்தப் பெண்களின் குரல். மரியாதை துளியும் குறையவில்லை. வேண்டாம் என்பதை மட்டும் விடாமல் சொன்னார்கள். மதிப்பெண்ணும் பட்டமும் எதிர்முனையில் இருந்தவரின் கையில் இருந்தன. அதிகாரத்தின் முன்னால் நின்று மறுக்கும்போது இந்த ஊர்ப் பெண் எப்படிப் பேசுவாள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நம் இளையோர் நாவலில் இதே இடம் வந்திருந்தால் அவள் ஒன்றரைப் பக்கத்துக்குப் பெண்ணுரிமை பேசியிருப்பாள், இடையில் ஒரு 'ப்ரோ'வும் போட்டிருப்பாள். பேச்சை முடிவு செய்வது வயது மட்டுமல்ல, எதிரில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதும்தான். அதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் திரட்டுவது ஊசியில்லாமல் நூல் வாங்குவது.

சாதிக்கு நிறம் போட்டுக் கையில் கட்டும் கயிறு பற்றி, பள்ளிகளில் சாதிப் பிரிவினையை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கையிலேயே பேசிவிட்டது. எந்த இளையோர் நாவலின் மணிக்கட்டிலாவது அந்தக் கயிறு இருக்கிறதா?

"வேலை, காசு என்று எழுதினால் அழுகைக் கதையாகிவிடும், பிள்ளைகள் படிக்க மாட்டார்கள்" என்று பதில் வரும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அழுகையாக எழுதுவது எழுதுகிறவருடைய பழக்கம். பிள்ளைகள் வேலையை அப்படியா பார்க்கிறார்கள்? கேட்டரிங் முடிந்து நள்ளிரவில் வண்டியில் மூவராக வரும் பையன்களின் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? முதல் கூலியில் ஒரு பங்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மீதியை மறைக்கும்போதுதான் அவனுக்கென்று ஒரு தனி ஆள் உள்ளே முளைக்கிறான். அந்த மீதி எவ்வளவு, அதை எங்கே வைத்தான், யாரிடம் என்ன பொய் சொன்னான்? விடலைப் பருவம் முழுக்க இந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலாக வந்த மாவட்டம் விருதுநகர். 2018இல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழகத்திலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்றும் அதுவே. இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில் வளர்கிற பிள்ளைகளுக்கு அழத் தெரியாமல் இல்லை. நேரம்தான் இல்லை.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ஒரு பையனின் கதை எல்லோருக்கும் தெரியும். தகப்பனார் இறந்து மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்தவன். 1896 ஆகஸ்டில், பதினாறு வயதில், வீட்டைவிட்டுக் கிளம்பினான். பின்னாளில் ரமண மகரிஷி. அவன் எழுதி வைத்துப்போன சீட்டு 'நான்' என்று தொடங்கி 'இது' என்று மாறுவதைப் பற்றி உரையாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட அந்த மத்தியானம்தான் பிடிக்கும். அண்ணனிடம், பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று பொய் சொன்னான். அப்படியானால் பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது, போகிற வழியில் என் காலேஜ் பீஸையும் கட்டிவிடு என்றார் அண்ணன். பையன் ஒரு பழைய அட்லஸைப் பிரித்து வழி பார்த்தான். திருவண்ணாமலைக்கு ரயில் போட்டது அதில் இல்லை, திண்டிவனம்தான் கிட்டத்து ஸ்டேஷன் என்று காட்டியது. மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டு அதை எடுத்துக்கொண்டான். பீஸ் இன்னும் கட்டவில்லை என்று சீட்டில் மறக்காமல் எழுதி, மீதி இரண்டு ரூபாயை அதோடு வைத்துவிட்டுப் போனான்.