மாவு பூத்த பச்சை

நல்ல திராட்சையின் மேல் மெல்லிய வெண்பூச்சு ஒன்று இருக்கும். மருந்துத் தூளோ என்று பயந்து பலர் துடைத்துவிடுகிறார்கள். அது பழம் தானே பூசிக்கொண்ட மெழுகு. விரல் பட்டால் போதும், அந்த இடம் மட்டும் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். தீபாவளி நேரத்தில் மலேசியாவின் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஷைன் மஸ்கட் திராட்சைக் கொத்து ஒன்றைக் காம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கடல் தாண்டி வந்த பழம். பச்சை மணிகளின் மேல் அந்தப் பூச்சு கலையாமல் இருக்கிறது!

இந்த அழகை நிழல்தான் காத்துத் தந்தது. ஷைன் மஸ்கட் ஜப்பானில் 2006இல் பதிவான ரகம். இன்று சீனாவிலும் கொரியாவிலும்கூட விளைகிறது. கொத்தில் நெருக்கும் காய்களைப் பிஞ்சிலேயே கத்தரித்து இடம்விட்டு, பிறகு கொத்து கொத்தாகக் காகிதப் பை மாட்டுகிறார்கள். பையின் நிறத்தைக்கூட யோசித்துத் தேர்கிறார்கள்: பச்சை, நீலப் பைகளுக்குள் தோல் சீக்கிரம் மஞ்சளாகாது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

கொடிக்கு மேலே பிளாஸ்டிக் கூரை. பழுத்த நேரத்தில் மழை பெய்தால் தோல் வெடிக்கும். ஈரத்தில் சாம்பல் பூஞ்சை புகும். தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிய பூஞ்சைதான் பின்னால் குளிரறையில் பெட்டியையே அழுகவைக்கும். பழம் கெடாமல் இருப்பது கூரை போட்ட அன்றே பாதி முடிவாகிவிடுகிறது.

நாசிக் பக்கம் காகிதப் பையின் வேலையைச் செய்தித்தாளை வைத்துச் செய்கிறார்கள். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் பச்சைத் திராட்சை இளஞ்சிவப்பாகத் திரும்பாமல் இருக்க, கொத்துகளைத் தாளில் சுற்றிவிடுவார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பந்தலில் படர்ந்த இலையே குடை. ஆனால் நிழல் மிஞ்சினால் இனிப்பு ஏறாது. கறுப்பு, சிவப்பு ரகங்களில் நிறம் பிடிக்காது. எவ்வளவு வெயிலை உள்ளே விடுவது என்ற அளவறிதலில்தான் விவசாயியின் கைத்திறன் தெரிகிறது.

வாங்கும்போது பழத்தை அழுத்தாதீர்கள், காம்பைப் பாருங்கள். பழத்துக்கு இருக்கும் அளவுக்கு மெழுகுக் காப்பு காம்புக்கு இல்லை. முதலில் வற்றிப் பழுப்பாவது அதுதான். காம்பு பச்சையாக இருந்தால் நம்பி எடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும்போது வேண்டியதை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள்.