ஓட்டை விழுந்த இலை

கவாகவா இலையைக் கையில் வாங்கும் தமிழருக்கு முதலில் வெற்றிலைதான் ஞாபகம் வரும். அதே இதய வடிவம், காம்படியிலிருந்து விரியும் அதே நரம்புகள். தண்டு கணுக்கணுவாகப் புடைத்திருக்கும். பழக்கதிர் திப்பிலியைப் போல நிமிர்ந்து நின்று, கனிந்தால் ஆரஞ்சு நிறமாகும். மென்றால் மிளகுக் காரம். மிளகும் வெற்றிலையும் திப்பிலியும் அடங்கிய பைப்பர் பேரினத்தில்தான் இந்த நியூசிலாந்துச் சிறுமரமும் இருக்கிறது. ஆனால் உறவு வேறு, சான்று வேறு.

மாவோரி வைத்தியமான ரொங்கோவாவில் இது தொடாத உபாதை குறைவு. பல்வலிக்கு மெல்லுவார்கள், வயிற்றுக்குக் கஷாயம், கட்டிக்கும் காயத்துக்கும் பற்று, மூட்டுவலிக்கு ஆவி. இப்படிப் பட்டியல் நீள நீள எனக்குச் சந்தேகமும் நீளும். ஒவ்வொன்றையும் தனியாகத்தான் நிறுக்க வேண்டும்.

பல்வலி தேறிவிடுகிறது. இலையிலுள்ள மிரிஸ்டிசின், கிராம்பின் யூஜினாலுக்கு வேதியியலில் பங்காளி முறை. வாய் மரப்பதை மென்றவரே உணர்வார். சொத்தைப் பல் அதனால் சரியாகாது. அது வேறு கதை.

சிக்கல் ஓட்டை இலையில். பூச்சி அரித்த இலைக்கே வீரியம் அதிகம், அதையே பறிக்க வேண்டும் என்பது மரபு. கவாகவாவை ஒரு அந்துப்பூச்சியின் புழு விடாமல் தின்னும். கடிபட்ட செடி தற்காப்புக்காக ரசாயனங்களைக் கூட்டிக்கொள்வது பல தாவரங்களில் தெரிந்த விஷயம்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காட்டில் ஓட்டையில்லாத கவாகவா இலையைத் தேடிப் பிடிப்பதே பாடு. கிட்டத்தட்ட எல்லா இலையும் ஓட்டை என்றால், ஓட்டை இலையால் குணமானவர்களை வைத்து என்ன நிரூபிக்க முடியும்? ஒரே மரத்தில் இரண்டு வகையையும் பறித்து ஒப்பிட்டால்தான் பேச்சு முடியும். அதுவரை இதைப் பறிப்பவரின் கைப்பழக்கம் என்று மதிக்கலாம்; மருந்தியல் விதி என்று ஏற்க முடியாது.

உள்ளுக்குக் குடிக்கும் கஷாயத்துக்குச் சான்று இன்னும் மெலிவு. ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சிறு சோதனைகள் உண்டு. அவை நோய் தீர்ந்ததற்குச் சாட்சி ஆகா.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும்: 1907-இல் நியூசிலாந்தின் தொஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டம் தொஹுங்கா எனப்பட்ட மாவோரி வைத்தியர்களைக் குற்றவாளிகளாக்கியது, 1962-இல்தான் நீங்கியது, 55 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த அறிவிடம் ஆதாரம் கேட்பது நியாயமா? பாதி நியாயம். ஆதாரம் ஏன் இல்லை என்பதை அந்தச் சட்டம் விளக்குகிறது, ஆதாரத்தின் இடத்தில் அதை உட்கார வைக்க முடியாது. தவிர, அதை ஆதரித்தவர்களில் மாவோரி மருத்துவர் மாவுய் போமாரேயும் உண்டு. வெள்ளையர் சதி என்று ஒரே வரியில் முடிக்கத் தோன்றும்போது அந்தப் பெயர் குறுக்கே நிற்கிறது.

என் தீர்ப்பு: பல்வலிக்கு ஆம். தோலில் பூசுவதற்கு, பொறுப்போடு ஆம். கஷாயத்துக்குத் தீர்ப்பு ஒத்திவைப்பு. செறிவூட்டிய சாற்றுக்கும் மாத்திரைக்கும் மட்டும் என் கை உயராது. மிரிஸ்டிசின் ஜாதிக்காயிலும் இருக்கிறது. ஒரு சிட்டிகை ஜாதிக்காய் பாயசத்துக்கு மணம், ஒரு காய் முழுதாக உள்ளே போனால் விஷம். மரபு கொடுத்தது இலை. இலையின் நற்பெயரைக் காட்டி மாத்திரையை விற்கும்போது, அங்கே சோதிக்கப்படாதது மரபு அல்ல, அந்த மாத்திரைதான்.