பெயர்ப்பலகையும் பள்ளிக்கூட வாசலும்

ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்பதில் எந்த ஊரும் பிளவுபட்டதில்லை. "எங்கே கட்டுவது?" என்ற கேள்வி பிறந்த பிறகுதான் ஊர் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. லால்குடி வட்டாரத்துப் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. "சாலையோரம் வேண்டாம், பிள்ளைகள் மேல் வண்டி ஏறிவிடும்" என்பார் ஒருவர். "வாய்க்கால் ஓரமா? ஐப்பசி மழையில் பள்ளிக்கூடம் மிதக்கும்" என்பார் மற்றொருவர். "தண்டவாளத்தைத் தாண்டிச் சின்னஞ்சிறுசுகளை அனுப்புவதா?" என்பார் மூன்றாமவர். "நிலம் கொடுப்பவர் காட்டும் இடத்தில் கட்டிவிட்டுப் போவோமே" என்பார் ஊருக்குப் பெரியவர். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும். அந்த வேளையில் ஓர் இளைஞன் எழுந்து, "காலனிப் பக்கம் கட்டினால் என்ன?" என்று கேட்கட்டும். அதுவரை எதிரும் புதிருமாக நின்ற நால்வரும் அந்த நொடியில் ஓரணியில் சேர்ந்துவிடுவார்கள்!

இந்தத் திடீர் ஒற்றுமை எங்கிருந்து வந்தது? அதைத்தான் ஆராய வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும் அவனைக் காக்க வந்த தங்கையும் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் பள்ளித் தோழர்கள்! நாடு அதிர்ந்தது. ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது தமிழ்நாடு அரசு. 2024 சூனில் அவர் அறிக்கையை அளித்தார். கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற பெயர்கள் நீங்கி, எல்லாம் அரசுப் பள்ளி என்றே வழங்க வேண்டும், ஒரே துறையின் கீழ் வரவேண்டும் என்பது அவ்வறிக்கையில் மிகுதியாகப் பேசப்பட்ட பரிந்துரை. மறு ஆண்டு சூலையில், மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் சூட்டினார் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின்.

நல்ல பணிதான். பெயரில் ஒன்றுமில்லை என்று சொல்லும் கூட்டமன்று நம் கூட்டம். இதே லால்குடி வட்டத்தில் உள்ள கல்லக்குடிக்கு வடநாட்டு ஆலை முதலாளியின் பெயரைச் சூட்டி, நிலையத்துப் பலகையில் டால்மியாபுரம் என்று எழுதி வைத்தார்கள். 1953 சூலையில் கலைஞர் மு.கருணாநிதியும் தோழர்களும் அங்கே தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள், சிறை புகுந்தார்கள். அந்த மும்முனைப் போராட்டத்தின் இன்னொரு முனை எதற்காக? பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து. ஊரின் பெயருக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஒரே போராட்டத்தில் நின்றவர்கள் நாம். ஆகவே பலகையை மாற்றுவோரை ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. பலகை மாறிய பின்னும் அந்தப் பள்ளி நிற்பது எந்தத் தெருவில்? அதன் வாசல் யாரைப் பார்த்துத் திறந்திருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. நீதிக்கட்சி ஆட்சிப் பொறுப்பேற்பதற்கு முன்னரே, 1919-ல், சென்னை மாகாண அரசு ஓர் ஆணையிட்டது. அக்கிரகாரம், கோயில், சாவடி முதலிய, பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட மக்கள் கால்வைக்க முடியாத இடங்களில் பொதுப் பள்ளிகள் இருக்கலாகாது என்பது அதன் கருத்து. இப்படி ஓர் ஆணை ஏன் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். சேரிப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று எந்தப் பள்ளியும் எழுதி ஒட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. பள்ளியை அக்கிரகாரத்துத் திண்ணையில் நடத்தினால் போதும். தெருவே தடுத்துவிடும். வாத்தியார் நல்லவராக இருக்கலாம், சட்டம் திறந்த மனதோடு இருக்கலாம், பிள்ளைக்குப் படிக்க ஆசையிருக்கலாம். அத்தனைக்கும் மேலே, இடம் என்ற ஒன்று வாய் திறவாமல் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தது.

ஆணை பிறந்ததே, பள்ளிகள் நகர்ந்தனவா? நகர்த்துவது அவ்வளவு எளிதாக இல்லை. எளிதான வேறு வழி ஒன்று இருந்தது. சேரிக்குள்ளேயே தனிப் பள்ளிகளைத் திறந்தார்கள். தொழிலாளர் துறையின் பள்ளிகள் என்று அவை தொடங்கின. பின்னர் அரிசன நலத்துறைக்குப் போயின, அதன்பின் ஆதிதிராவிடர் நலத்துறைக்கு வந்தன. அப்பள்ளிகளைப் பழிப்பது நன்றி கொல்வதாகும். முதல் தலைமுறை எழுத்தறிந்தது அங்கேதான். சேரியில் பிறந்த எத்தனையோ ஆசிரியரும் அலுவலரும் அந்த ஓட்டுக் கூரையின் கீழிருந்து எழுந்தவர்கள். ஆயினும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஊர் தன் பள்ளியைத் திறந்துவிட மறுத்ததற்கு அரசு கொடுத்த விலை அது. ஊருக்கு எந்த நட்டமும் இல்லை!

கடல் கடந்து ஒரு காட்சியைப் பாருங்கள். அமெரிக்காவில் கான்சாசு மாநிலத்து டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமி. அவள் வீட்டிலிருந்து ஏழு தெரு தள்ளி ஒரு பள்ளி இருந்தது, வெள்ளைப் பிள்ளைகளுக்கு. அவளோ தொடர்வண்டித் தண்டவாளங்களைக் கடந்து நடந்து, பேருந்து ஏறி, ஒரு மைல் தொலைவிலுள்ள கறுப்பினப் பள்ளிக்குப் போகவேண்டும். தந்தை ஆலிவர் பிரவுன் வழக்காடினார். கறுப்பினப் பள்ளியின் கட்டடம் இடிந்து கிடக்கவில்லை. ஏறத்தாழச் சமமான வசதிகளே இருந்தன என்று கீழ்நீதிமன்றமே சொன்னது. அப்படியிருந்தும் 1954 மே 17 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிரித்து வைப்பது என்றாலே அது சமமன்று. நம் நாட்டில் குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டதும் அதே மே மாதத்தில்தான். இரு கரைகளிலும் ஒரே கோடையில் ஒரே காற்று வீசியது போலும்!

குலக்கல்வியைக் கைவிட்ட காமராசர் ஆட்சி, பள்ளிக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி. கல்வித்துறையின் தலைமையிலிருந்த நெ.து.சுந்தரவடிவேலு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தி, மக்களிடமிருந்தே நிலமும் கட்டடமும் பலகையும் பெற்றார். ஏழை நாட்டில் அது பெரும் சாதனை. ஆனால் அதனோடு ஒரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. நிலம் கொடுத்தவர் இடத்தைத் தீர்மானித்தார். பள்ளியைத் தரம் உயர்த்தவேண்டுமா, ஊரார் தொகை கட்டுங்கள், நிலத்தைக் காட்டுங்கள் என்று அரசு நெடுங்காலம் கேட்டு வந்ததும் அதே வழக்கின் நீட்சிதான். தொகை கட்ட வல்லவர் யார்? நிலம் காட்ட வல்லவர் யார்? சேரியில் யாரிடம் மூன்று ஏக்கர் இருந்தது?

லால்குடிப் பக்கத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கொள்ளிடத்துக்கு வடக்கே பெருவளை வாய்க்காலும் ஐயன் வாய்க்காலும் பாயும் மண் பொன் விளையும் நஞ்சை. அதைப் பள்ளிக்கு யார் எளிதில் தருவார்? நீர் தேங்கும் மூலையும், ஏரிப் புறம்போக்கும், சுடுகாட்டுப் பாதையுமே பேச்சுக்கு வரும். அதற்கும் மேலே ஒரு பெயர்ப்பலகை கேட்பார்கள், தாயார் பெயரோ பாட்டனார் பெயரோ! கொடையெல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதும் உண்மை. தந்தை பெரியார் நிலமும் பெருந்தொகையும் அளித்ததால்தான் 1965-ல் திருச்சியில் அரசுக் கல்லூரி எழுந்தது. நாம் குறைகூறுவது கொடையை அன்று. கொடுத்தவர் வீட்டு வாசலுக்குப் பள்ளியை இழுத்துச் செல்லும் உரிமையை.

வரைபடத்தில் அளவுகோல் வைத்து ஐந்து கிலோமீட்டர் என்று சொல்லிவிடலாம். பதினான்கு வயதுப் பெண்ணின் காலில் அது எத்தனை என்று யார் அளந்தார்கள்? பீகார் மாநிலத்தில் 2006-ல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி தரும் திட்டம் தொடங்கிற்று. அதை ஆய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாசும், உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது என்று கண்டனர். அந்த உயர்வு பெரும்பாலும் பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் நிகழ்ந்தது. பெற்றோருக்குப் படிப்பில் வெறுப்பு இருந்ததால் பெண் நிற்கவில்லை, வழி நீண்டதால் நின்றாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இங்கே ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து, மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. எட்டாம் வகுப்போடு வழியில் நின்றுவிட்டவளுக்கு அந்த ஆயிரம் எப்படி எட்டும்?

இனி, ஊரார் வைக்கும் வாதங்களிலேயே வலுவான ஒன்றை எடுத்துக்கொள்வோம். "காலனிப் பக்கம் கட்டினால் ஊர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள், பள்ளி காலியாகிவிடும், கடைசியில் மூடிவிடுவார்கள்." இதைச் சொல்பவர்களில் நல்லெண்ணம் உடையவர்களும் உண்டு. ஆனால் இந்த வாதத்தை உரித்துப் பாருங்கள். ஊர்ப் பிள்ளை காலனிக்கு வரமாட்டான் என்றால் அது ஊரின் குற்றம். தண்டனையோ காலனிப் பிள்ளைக்கு, மூன்று கிலோமீட்டர் நடை! 2018-ல் திருப்பூர் மாவட்டத்துத் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளி முன் திரண்டார்கள். அலுவலர்கள் முதலில் செய்தது என்ன? சமைக்க வந்த அம்மையாரை வேறிடத்துக்கு மாற்றினார்கள்! எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த ஆணை கைவிடப்பட்டது, வழக்கும் பதிவாயிற்று. தகராறு எழுந்தால் எளியவனை இடம்பெயர்த்துவிடு என்பது நம் நிர்வாகத்தின் முதல் உணர்ச்சி. பள்ளிக்கு இடம் தேடும்போதும் அதே உணர்ச்சிதான் கோப்பில் குறிப்பெழுதுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பள்ளி தம் தெருவில்தான் வேண்டும் என்று உரக்கப் பேசுவோர் பலரின் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கப் போவதில்லை. விடிந்ததும் வாசலில் வந்து நிற்கிறது ஆங்கிலவழிப் பள்ளியின் மஞ்சள் வண்டி. இருபது கிலோமீட்டர் என்றாலும் அதில் ஏறிப் போகிறார்கள். அவர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. அப்படியென்றால் இந்தச் சண்டை எதற்கு? பள்ளி வந்தால் சாலை வரும், கடை வரும், மனை விலை ஏறும். கட்டட ஒப்பந்தம் யாருக்கு என்ற கணக்கும் உண்டு. கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற போட்டியும் உண்டு. பிள்ளைகள் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

ஒரே துறையின் கீழ் எல்லாப் பள்ளிகளும் வரட்டும் என்பதை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். ஏற்கும்போதே ஓர் எச்சரிக்கை. இணைப்பு என்ற பெயரில் சேரிப் பள்ளியை மூடி, அதன் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கு நடக்க வைப்பார்களானால் அது சீர்திருத்தமாகாது. நூறாண்டுகளாக ஊரை நோக்கி நடந்தவன் சேரிப் பிள்ளை. ஒரு தலைமுறையாவது ஊர்ப் பிள்ளை காலனியை நோக்கி நடக்கட்டுமே! புதிய உயர்நிலைப் பள்ளியை அங்கே கட்டுங்கள். ஆய்வுக்கூடமும் விளையாட்டுத் திடலும் நூலகமும் அங்கே எழட்டும். சிறந்த ஆசிரியர்களை அங்கே அனுப்புங்கள். நல்ல பள்ளி என்றால் வண்டி வைத்தாவது வருவார்கள் என்பதைத்தான் மஞ்சள் வண்டி நமக்குத் தினமும் காட்டுகிறதே.

"எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தத் தெரு வழியாகவா போவது?" என்ற கேள்வி அப்போது வெளியே வரும். வரட்டும். மழைநீர் என்றும் தண்டவாளம் என்றும் மறைந்து திரிந்தது அது ஒன்றுதான். கூட்டத்தில் அதை வாய்விட்டுச் சொல்லும்படி செய்துவிட்டாலே நம் இளைஞர்கள் பாதி வேலையை முடித்தவர்களாவார்கள். நோயாளி வாய் திறந்து வலிக்குமிடத்தைச் சொன்ன பிறகுதானே மருத்துவன் கைவைக்க முடியும்?

லால்குடி வட்டத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர்களே பெரும்பான்மை. பள்ளிக்கு இடம் பற்றிய பேச்சு வரும் நாளில் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைகள் எந்தத் தெருவில் எத்தனை பேர், எட்டோடு நின்றவர்கள் யார் வீட்டில், ஒவ்வொரு வாசலிலிருந்தும் முன்மொழியப்படும் ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை நிமிட நடை என்று கணக்கெடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காலனியின் கடைசி வீட்டிலிருந்து நடந்து பாருங்கள், அதுவும் ஐப்பசியில், மாலை ஐந்தரை மணிக்கு மேல், விளக்கில்லாத வழியில். அந்தத் தாளைத் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால், மறுத்தது யார் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.