கற்றல் பாணியும் நன்னூற் கணக்கும்

1981 முதல் 1996 வரை பிறந்தோரைப் புத்தாயிரத் தலைமுறையினர் என்பர். கிள்ளான் பள்ளத்தாக்கில் பள்ளியிற் கற்பித்துக்கொண்டே முதுகலைப் பட்டத்திற்குப் பயிலும் தமிழாசிரியருள் இவர்கள் பலர். “கண்ணால் கண்டால்தான் எனக்குப் புரியும்” என ஒருவரும், “காதால் கேட்டால்தான் பதியும்” என மற்றொருவரும் தம்மை வகைப்படுத்திக்கொண்டு, அவ்வகைக்கேற்பவே பாடம் நடைபெற வேண்டுமென விழைகின்றனர்.

இவ்வகைப்பாட்டைப் பரப்பியவற்றுள் ஒன்று நியூசிலாந்தின் நீல் பிளெமிங் 1992இல் வெளியிட்ட வினாத்தாள். ஒருவர் எதை விரும்புகிறார் என அறிய அது உதவும். ஆயின் விருப்பம் வேறு, கற்றல் வேறு அன்றோ? 2008இல் பாஷ்லர் முதலிய உளவியலார் நால்வர் அதுகாறும் நடந்த ஆய்வுகளைச் சீர்தூக்கி, விருப்பத்திற்கு ஒத்த முறையிற் கற்பித்தால் கல்வி மிகும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்றனர். முறையைத் தீர்மானிப்பது பாடமே. வெண்பாவின் ஓசையை எல்லாரும் கேட்டே அறிதல் வேண்டும். புணர்ச்சியை எல்லாரும் எழுதியே பார்த்தல் வேண்டும்.

பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என உவமித்தார். இவை தலை, இடை, கடை என்னும் தரங்களே, பாணிகள் அல்ல. எருமை கலக்கிக் குடிக்கும் என்பதற்காக, ஆசிரியரே குளத்தைக் கலக்கிக் கொடுக்குமாறு அவர் விதிக்கவில்லை! அவர் தரும் கணக்கோ வேறு. ஆசிரியர் உரையை நன்கு கேட்டாலும் புலமையிற் காற்பங்கே வாய்க்கும். உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவரினும் ஏட்டை மூடி நினைந்து எழுதியவரே ஒரு வாரத்தின்பின் மிகுதியும் நினைவிற் கொண்டிருந்தனர்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. 1996இற் பிறந்த பிள்ளை தமிழ்ப்பள்ளியின் முதலாமாண்டில் அடிவைத்த 2003இல்தான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படலாயின. 2009இல் அக்கொள்கை கைவிடப்படும் என அரசு அறிவித்தபோது, அப்பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டது. இன்று அவர் நீண்ட தமிழ் உரைநடையைக் கண்டு மலைத்துப் படம் கேட்பாராயின், அது பிறவிப் பாணியா, பழகாமையா? “காட்சி வகையினர்” எனப் பெயர் சூட்டிவிட்டால் பழகாமையே இயல்பாகிவிடும். அப்பெயரை அவர் தோட்டப் பள்ளிக்கும் கொண்டுசெல்வார். வாசிக்கத் தடுமாறும் எட்டு வயதுச் சிறுமியும் “காட்சி வகை” ஆவாள். அவளுக்குக் கூடுதலாக வேண்டிய வாசிப்பு அவளுக்கு மட்டும் குறைக்கப்படும்.

பிரிக்பீல்ட்சில் ஓர் அறையில் முதுகலை மாணவர் நால்வர் கூடி, முறைவைத்து ஒருவர் நூற்பாவை விளக்க, மூவர் மடக்கி வினவலாம். அதற்கு வினாத்தாள் வேண்டா. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும்.